சாமை மில்லுக்கு ஒரு சல்லடை

தருமபுரி மாவட்டம் அரூரிலிருந்து சித்தேரி மலைக்குப் போகும் வழியில், அடிவாரத்தில் இருக்கிறது எங்கள் மகளிர் குழுவின் சாமை மில். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு கம்பெனியின் நன்கொடையில் உமி நீக்கும் இயந்திரம் வந்தது. சாமையின் உமி அரிசியோடு ஒட்டிக்கொண்டு எளிதில் கழலாது. உரலில் குத்திப் புடைத்தால் ஒரு வேளைச் சோற்றுக்கே காலைப்பொழுது போய்விடும். உலக்கை பிடித்துக் காய்ப்பேறிய கைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த இயந்திரத்தின் அருமை தெரியும்.

போன தை மாதம் சல்லடை கிழிந்தது. விழுந்த அரிசியில் ஒரு கை அள்ளி ஊதினேன். பாதி உமியாகப் பறந்தது. அடுத்த வாரமே மின்னழுத்தக் குறைவில் மோட்டாரும் எரிந்தது. மோட்டாருக்குப் புதுக் கம்பிச்சுருள் கட்டப் பணமில்லை. நன்கொடை விண்ணப்பத்தில் இயந்திரத்துக்கு இடம் இருந்தது, பழுதுக்கும் ஆள் கூலிக்கும் இல்லை. ஐந்து மாதம் மில் பூட்டிக் கிடந்தது. பெண்கள் மறுபடி உலக்கையை எடுத்தார்கள். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

'ஓசூரில் இத்தனை ஆலைகள் இருக்கின்றனவே, கேட்டால் தரமாட்டார்களா?' என்கிறார்கள். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு (சிஎஸ்ஆர்) செலவிட வேண்டும். ஆனால் எங்களைப் போன்ற குழு அதை நேரே வாங்க முடியாது. வாங்கும் அமைப்புக்கு வருமான வரித் துறையின் வரிவிலக்குப் பதிவுகள், மூன்றாண்டு அனுபவம், 2021 ஏப்ரல் முதல் கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 என்ற பதிவு எல்லாம் வேண்டும். அதனால் ஒரு தொண்டு நிறுவனத்தின் வழியாகவே போகிறோம்.

தமிழகத்தில் சுயஉதவிக் குழுக்கள் 1989இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கின. அந்தக் காலத்திலேயே குழுவில் சேர்ந்த என் அம்மா, மில் பூட்டிய அன்று, "ஆடு வாங்கும்போதே தழைக்கும் காசு எடுத்து வைக்க வேண்டாமா?" என்று கேட்டார்.

பிறகு ஆளுக்கு 200 ரூபாய் போட்டு மோட்டாரைச் சரிசெய்தோம். இந்த மாதம் புதிய விண்ணப்பம் எழுதினேன். இயந்திரம் எதுவும் கேட்கவில்லை. இரண்டு சல்லடை, பெல்ட், மில் ஓட்டும் பெண்ணுக்கு ஓராண்டுச் சம்பளம், பழுதுக்கென்று தனித் தொகை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லாததால் தனித்தாளில் எழுதி இணைத்து, திங்கட்கிழமை அரூர் தபால் நிலையத்தில் விரைவுத் தபாலில் சேர்த்தேன்.