பெட்டியில் கசகசா

துபாய் கிளம்புற தம்பியோட பெட்டியில இருந்து கசகசா பொட்டலத்தை வெளிய எடுத்து வச்சேன். அங்க அது தடை.

"குருமாவுக்குத்தானேடா குடுத்து விடுறேன்!" அம்மாவுக்கு ஒரே கோபம்.

லேப்ல வேலை பாக்குறவனுக்கு அந்த விதை மேல ஒட்டியிருக்கிற அபினிப் பால்தான் தெரியும். தின்னா சிறுநீர்ல மார்ஃபின் வரும், அபினியில இருக்கிற அதே போதைப்பொருள். நிஜ மார்ஃபின்! போதைப்பொருள் ஸ்கிரீனிங் பாசிட்டிவ்னு காட்டினா பொய் இல்ல. குருமாவா ஊசியான்னுதான் அதுக்குத் தெரியாது.

இதுக்காகவே அமெரிக்காவுல வேலையிடப் பரிசோதனையில பாசிட்டிவ்னு சொல்ற வரம்பை 1998-ல மில்லிக்கு 300 நானோகிராம்ல இருந்து 2000-க்கு ஏத்தினாங்க.

ஹெராயின்தான்னு அடிச்சுச் சொல்லணும்னா, ஹெராயின் உடம்புல உடையுறப்ப வர்ற 6-அசிட்டைல்மார்ஃபின் தேடணும். கசகசாவுல அது கிடையாது. ஆனா ஒரு நாள் தாண்டினா சிறுநீர்ல அது அநேகமா இருக்காது. சாம்பிள் நம்ம கைக்கு எப்ப வருதுங்கிறதுலதான் எல்லாமே இருக்கு.