கண்டிச்சீமையிலிருந்து கூடலூர் வரை: எங்கள் அப்பாயி

எங்கள் அப்பாயி காலமாகி, காரியங்களும் முடிந்துவிட்டன. அவருடைய வாழ்க்கையைப் பேரப்பிள்ளைகளில் யாராவது எழுதி வைக்க வேண்டும் என்று அத்தை கேட்டுக்கொண்டதால் இதை எழுதுகிறேன்.

கண்டிச்சீமை என்று எங்கள் பெரியவர்கள் சொல்லும் இலங்கையின் மலையகத்தில், ஹட்டனுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்து லயக் காம்பராவில்தான், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில்தான், அப்பாயி பிறந்தார். திருச்சிப் பக்கத்திலிருந்து, தோட்ட வேலைக்கு ஆள் சேர்க்கும் கங்காணியோடு கப்பலேறிப் போன குடும்பம் அது. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியபோது அவர் கைக்குழந்தை. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டபோது, அவர் கல்யாணமாகி, கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறிக் கொண்டிருந்தார். பிறந்த மண்ணை விட்டுப் போவதா இருப்பதா என்ற கேள்வி, பள்ளிக்கூடத்துப் படியே மிதிக்காத ஒரு பெண்ணின் தலையில் அப்படி வந்து விழுந்தது.

இந்தியாவுக்கு விண்ணப்பித்தது தாத்தாவின் முடிவு. 1970-களின் நடுவில் மலையகத்தைப் பஞ்சம் வாட்டியது. ரேஷன் மாவு குறைந்துபோய், தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. அந்த நாள்களில் பிள்ளைகளுக்குக் கிழங்கை அவித்துக் கொடுத்துவிட்டு, தான் பால் இல்லாத சாயத்தண்ணியைக் குடித்துவிட்டு, காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனதை அப்பாயி ஒரு குறையாகச் சொல்லி நான் கேட்டதேயில்லை. ஆனால் ஹட்டன் ஸ்டேஷனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மட்டும் அவருக்குக் குரல் உடைந்துவிடும். அவருடைய தாயார் இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்ததால் அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. தலைமன்னாருக்குப் போகும் அந்த ரயிலை ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே மலையகத்தில் சொல்வார்கள். அதில் ஏறிய மகளும் கீழே நின்ற தாயும் பிறகு ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. 1984-இல் போரின் காரணமாகத் தலைமன்னார்–ராமேஸ்வரம் கப்பலும் நின்றுபோனது.

ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பிறகு நீலகிரியில் உள்ள கூடலூர் வந்து சேர்ந்தார்கள். தாயகம் திரும்பியோருக்கு வேலை தருவதற்காகவே தமிழ்நாடு அரசு 1968-இல் தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பின்னாளில் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆயிற்று. அதில் வேலை கிடைக்கும் வரை அப்பாயி ஒரு தனியார் தோட்டத்தில் தினக்கூலியாக இருந்தார். அங்கே கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கு என்றும் ஈரத்துக்கு என்றும் கணக்கில்லாமல் கழிப்பார்களாம். எழுதப் படிக்கத் தெரியாத அப்பாயி, இடுப்பில் ஒரு நூல் கயிற்றைச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு நிறுவைக்கும் கிலோவுக்கு ஒன்றாக முடிச்சுப் போட்டு வைத்தார். சம்பள நாளன்று முடிச்சுகளை விரலால் தடவித் தடவி எண்ணிக் காட்டி, “இதுல எதைக் கழிச்சீங்க, சொல்லுங்க” என்று கேட்டவர், பதில் வரும் வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை என்று அத்தை சொல்வார். அன்றைக்கு அவருக்குப் பின்னால் நின்ற பெண்களும் மறுநாளிலிருந்து கயிறு கொண்டுவரத் தொடங்கினார்கள். அப்பாயியைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் நான் பெரிதாக நினைப்பது இதைத்தான். பொறுமைசாலி என்று எல்லோரும் அவரைப் புகழ்ந்தார்கள். என் கண்ணுக்கு அவர் கணக்குக் கேட்ட மனுஷி.

வந்த சில வருடங்களிலேயே தாத்தா நெஞ்சு நோயில் இறந்துபோனார். அதன்பிறகு நான்கு பிள்ளைகளையும் ஆளாக்கியது அப்பாயியின் இரண்டு கைகள்தான். ஆள்காட்டி விரலின் ஓரம் கொழுந்துக் கறையேறிக் கறுத்து, பனிக்காலத்தில் வெடித்துப் பிளந்திருக்கும். இரவில் தேங்காய் எண்ணெய் தடவி, துணி சுற்றிக்கொண்டு படுப்பார். அட்டைக் கடிக்குப் பயந்து காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு இருட்டோடு கிளம்பிவிடுவார். பெண் பிள்ளைகளைக் கொழுந்து பறிக்க அனுப்பச் சொல்லி உறவுக்காரர்கள் வற்புறுத்தியபோது, அத்தை பத்தாவது முடிக்கும் வரை அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை.

பாஸ்போர்ட், குடும்ப அட்டை, முகாமில் கொடுத்த சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். எழுத்து தெரியாவிட்டாலும் எந்தக் காகிதம் எது என்பதை நிறத்தையும் மடிப்பையும் வைத்தே எடுத்துக் கொடுப்பார். தாயகம் திரும்பியோரின் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்குவது எவ்வளவு பெரிய பாடு என்பது நீலகிரியில் இருப்பவர்களுக்குத் தெரியும். எந்த அலுவலகத்துக்கு எந்தக் காகிதத்தோடு போக வேண்டும் என்று லயத்துப் பிள்ளைகளுக்கு வழிசொன்னவர் அப்பாயி. மூட்டுவலி வந்த பிறகும் பலருக்குத் துணையாகத் தாலுகா அலுவலகம் வரை நடந்தார். அவர்களில் சிலர் இன்று கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் வேலையில் இருக்கிறார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் ஆளாளுக்குத் தங்கள் சான்றிதழ் கதையைச் சொன்னார்கள். அதில் பாதிக்கு மேல் எங்கள் வீட்டுக்கே புதிய செய்தி.

பெட்டி இப்போது அத்தையிடம் இருக்கிறது. போன வாரம் பக்கத்து லயத்துப் பையன் ஒருவன் கல்லூரியில் சேருவதற்காகத் தன் தாத்தாவின் காகிதங்களோடு வந்திருந்தான். அத்தை அவனை உட்கார வைத்து, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.