பதவி உயர்வும் ஊருக்குள் வராத பேருந்தும்

கடலூர் சிப்காட் வளாகத்திலுள்ள ஓர் ஆலையில் பல ஆண்டுகள் ஆய்வகப் பொறுப்பாளராக இருந்தேன். குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த ஒரு பெண், மாதிரிகளைப் பரிசோதிப்பதில் எங்கள் எல்லோரையும்விடத் தேர்ந்தவர். அவரிடம் வேலை கற்றுக்கொண்ட இரண்டு இளைஞர்கள் அவருக்கே ஷிப்ட் இன்சார்ஜ் ஆனார்கள். அவரோ 11 ஆண்டுகள் அதே மேசையில் இருந்தார். இரவுப் பணிக்கு அவரால் வர இயலாது என்று நானாகவே முடிவு செய்து, அவர் பெயரை ஒருமுறைகூடப் பரிந்துரைக்காமல் விட்டேன். அவரிடம் கேட்கவே இல்லை.

ஒருநாள் கேட்டபோது, "நைட் வர்றதுல எனக்கு ஒண்ணுமில்ல சார், பத்து மணிக்கு ஷிப்ட் முடிஞ்சா வீட்டுக்குப் போக வண்டிதான் இல்ல" என்றார். கம்பெனிப் பேருந்து நெடுஞ்சாலையிலேயே இறக்கிவிடும். அங்கிருந்து அவர் ஊருக்கு மூன்று கிலோமீட்டர், விளக்கில்லாத சாலை.

இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்களைத் தொழிற்சாலையில் பணியமர்த்தக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் விதித்திருந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே செல்லாது என்று தீர்ப்பளித்து, பாதுகாப்பும் போக்குவரத்து வசதியும் தர வேண்டும் என்றும் கூறியது. சட்டத்தில் நீங்கிய தடை எங்கள் பேருந்தின் வழித்தடத்தில் அப்படியே இருந்தது. அந்த வழித்தடத்தை மாற்றும் கையெழுத்து ஆலைத் தலைமையிடம் இருந்ததே தவிர, அந்தப் பெண்ணிடம் இல்லை. அவருடைய துணிச்சலை அளந்துகொண்டிருந்த நாங்கள் பேருந்துக்கான செலவைக் கணக்கிட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

அதன்பின் மற்றவையும் கண்ணில் படத் தொடங்கின. பதவி உயர்வுக்கான நேர்காணல் ஆங்கிலத்தில் நடந்ததால், இயந்திரத்தின் ஒலியை வைத்தே பழுதைச் சொல்லக்கூடிய உள்ளூர் டிப்ளமோக்காரர்கள் வாய் திறக்காமல் திரும்பினார்கள். எந்த இடம் காலியாகிறது என்ற செய்தி, ஆண்கள் மட்டும் நிற்கும் வாசல் டீக்கடையில்தான் முதலில் தெரிந்தது. அறிவிப்புப் பலகைக்கு வரும்போது ஆள் முடிவாகியிருக்கும். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் முதல் இரண்டு குழந்தைகளுக்கு மகப்பேறு விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. ஆனால் விடுப்பு எடுத்த ஆண்டின் மதிப்பீட்டுப் படிவத்தில் நாங்கள் 'சராசரி' என்று எழுதினோம். அந்த ஒரு சொல் அடுத்த பதவி உயர்வையும் தள்ளிப்போட்டது. மூன்றில் இதுவே மிகக் கொடியது என்பேன், ஏனென்றால் அது எழுதப்பட்டதே அந்தப் பெண்களுக்குத் தெரியாது.

நேர்காணலைத் தமிழிலும் நடத்தவும், காலியிடங்களை 15 நாள் முன்பே பலகையில் ஒட்டவும் பணமே தேவைப்படவில்லை. பேருந்துக்கு மட்டும் மூன்று முறை எழுதிக் கேட்க வேண்டியிருந்தது.

பேருந்து ஊருக்குள் போகத் தொடங்கிய நான்காம் மாதம் அவர் இன்சார்ஜ் ஆனார். அப்போது அவருக்கு வயது 42. இழந்த ஆண்டுகளுக்கு ஈடாகக் கூடுதல் ஊதிய உயர்வு தருமாறு பரிந்துரைத்தேன், நிர்வாகம் மறுத்துவிட்டது.