முள் அசையாத முப்பது நிமிடம்: மூடிய கூலரிலிருந்து சொந்த நீர்ச்சுற்றுக்கு

கணினியைக் குளிர்விக்க நானே கோத்த நீர்ச்சுற்றில் தண்ணீர் ஊற்றும் முன், காற்றை அடைத்துக் கசிவு சோதித்தபோது மூன்று இரவுகளாக இறங்கிக்கொண்டே இருந்த அழுத்தக் கேஜின் முள், நேற்று இரவு 0.5 பார் அழுத்தத்தில் முப்பது நிமிடம் அசையாமல் நின்றது. அந்த நிம்மதியோடு, ஏன் இந்த வேலையில் இறங்கினேன், எங்கே சிக்கிக்கொண்டேன் என்பதை எழுதிவைக்கிறேன்.

ரைசன் 9 5900எக்ஸ் பிராசசருக்கு 2021இல் வாங்கிப் பொருத்திய 360 மி.மீ. மூடிய கூலர் (தண்ணீர் நிரப்பி மூடியே விற்கப்படும் நீர்க் கூலர்), நான்கு ஆண்டுகள் குறை சொல்ல இடமின்றி உழைத்தது. இந்தக் கோடையின் தொடக்கத்தில், காலையில் கணினியைப் போட்டதும் பம்பிலிருந்து கொளகொளவென்ற ஓசை வரத் தொடங்கியது. ரப்பர் குழாயின் சுவர் வழியே தண்ணீர் ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக ஆவியாகி வெளியேறுவதும், அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்வதும் இவ்வகைக் கூலர்களுக்கு இயல்பானவை. என்னுடையதில் மீண்டும் நிரப்புவதற்கு வாய் இல்லாததால், புதிதாக ஒன்று வாங்குவதா, பாகங்களை வாங்கி நானே கோப்பதா என்ற கேள்வி எழுந்தது. செலவை மட்டும் பார்த்தால் கேள்விக்கே இடமில்லை. நான் வாங்கிய பாகங்களின் விலைக்கு நல்ல மூடிய கூலர்கள் நான்கு வாங்கியிருக்கலாம்.

முடிவெடுக்கும் முன், வளையும் இ.பி.டி.எம். ரப்பர் குழாய்களைக் கொண்டு இரண்டு வாரம் தற்காலிகமாக ஓட்டிப் பார்த்தேன். ஒரு டி5 பம்ப், இரண்டு 360 மி.மீ. செம்பு ரேடியேட்டர்கள், பிராசசரின் மேல் அமர்ந்து அதன் வெப்பத்தைத் தண்ணீருக்கு மாற்ற ஒரு பிளாக், ஆர்.டி.எக்ஸ். 3080 கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஒரு பிளாக். அறை வெப்பம் 33 டிகிரி இருந்த பிற்பகல்களில், பிராசசருக்கு மட்டும் வேலை கொடுத்தபோது மூடிய கூலரில் 78 டிகிரி காட்டியது 75க்கு இறங்கியது, அவ்வளவுதான். கார்டும் சேர்ந்து உழைத்தபோது, இரண்டின் வெப்பமும் ஒரே தண்ணீரில் கலந்ததால், பிராசசர் முன்பைவிட 2 டிகிரி கூடுதலாகவே சுட்டது. கார்டின் கதையோ வேறு: 77 டிகிரியில் இருந்த சிப் 56க்கும், 102இல் தவித்த மெமரி 74க்கும் இறங்கின, அறையை நிறைத்திருந்த விசிறி இரைச்சலும் அடங்கியது.

இதற்குக் காரணம் தண்ணீரில் இல்லை, சிலிக்கானில் இருக்கிறது. 5900எக்ஸில் வெப்பத்தின் பெரும்பகுதி தலா 81 சதுர மி.மீ. அளவுள்ள இரண்டு சின்னத் துண்டுகளில் பிறந்து, மேலே இருக்கும் தடித்த உலோக மூடியைக் கடந்துதான் பிளாக்கை அடைகிறது. அந்த வழி குறுகலாக இருக்கும்போது மேலே எவ்வளவு தண்ணீர் ஓடினாலும் பெரிய பயன் இல்லை. 3080இன் சிப் 628 சதுர மி.மீ. பரப்புடையது, மூடியும் கிடையாது. கார்டின் 320 வாட் வெப்பத்தில் பெரும்பகுதியை நேராகப் பிளாக்கிடம் கொடுத்துவிடுகிறது. ஆகவே, பிராசசருக்காக மட்டும் சொந்தச் சுற்று அமைக்க நினைப்பவர்களிடம் மூடிய கூலரே போதும் என்று தயங்காமல் சொல்வேன். கார்டுக்காக நினைப்பவர்கள் தொடர்ந்து படிக்கலாம்.

நிரந்தரச் சுற்றுக்கு 14 மி.மீ. அக்ரிலிக் குழாயைத் தேர்ந்தேன். பெட்ஜி (PETG) என்ற பிளாஸ்டிக் குழாயை வளைப்பது எளிது என்றாலும், ஏ.சி. போடாத சென்னைப் பிற்பகலில் தண்ணீர் 48 டிகிரியைத் தொட்டதைப் பார்த்த பிறகு, 60 டிகிரிக்கு அருகிலேயே இளகத் தொடங்கக்கூடிய ஒரு பொருளை நம்ப மனம் வரவில்லை. ஐந்து குழாய்கள், பத்து முனைகள். வளைவுகள் இரண்டாவது முயற்சியிலேயே சரியாக அமைந்தன. என்னைப் படுத்தி எடுத்தவை முனைகள்தான்.

முதல் இரவு முள் 0.03 பார் இறங்கியது. இரண்டு மணி நேரம் ஒவ்வொரு ஃபிட்டிங்காக இறுக்கிப் பார்த்த பிறகுதான், சோதனையின் நடுவே ஏ.சி. போட்டது நினைவுக்கு வந்தது. அறை 33இலிருந்து 27 டிகிரிக்குக் குளிர்ந்தால், அடைபட்ட காற்று சுருங்கி ஏறத்தாழ அதே அளவுதான் அழுத்தம் குறையும். ஏ.சி.யை நிறுத்திவிட்டு மீண்டும் சோதித்த இரண்டாம் இரவு, அரை மணி நேரத்தில் 0.5இலிருந்து 0.35க்குச் சரிந்தபோது, இது உண்மையான கசிவு என்பதில் ஐயம் இருக்கவில்லை. மின்பாகங்களுக்கு மேல் சோப்புத் தண்ணீர் தடவ முடியாது என்பதால், சுற்றைப் பாதியாகப் பிரித்து அடைப்பான் போட்டுச் சோதித்து, கசிகிற பாதியை மீண்டும் பாதியாக்கி, மூன்றாம் இரவு கார்டின் வெளிவாய் ஃபிட்டிங்கை அடைந்தேன். உள்ளே கசிவைத் தடுக்க இருந்த ரப்பர் வளையத்தை, அதாவது ஓ-ரிங்கை எடுத்து, நகைத் தொழிலாளர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸ் வழியே பார்த்தபோது, தலைமுடி அகலத்தில் ஒரு வெட்டு தெரிந்தது. குழாயின் அறுத்த விளிம்பு கத்திபோல் அதைச் சீவியிருந்தது.

அக்ரிலிக்கை அங்குலத்துக்கு 32 பல் உள்ள ரம்பத்தால், அழுத்தாமல், அதன் எடையிலேயே அறுக்க வேண்டும். பிறகு 240, 400 எண் உப்புத்தாள்களில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து முகத்தைச் சமமாக்கிவிட்டு, வெளிவிளிம்பைச் சுற்றிலும் ஒரு மி.மீ. அளவுக்குச் சரிவாக்க வேண்டும். கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிவதை நம்பக் கூடாது. கட்டைவிரல் நகத்தை விளிம்பைச் சுற்றி ஓட்டினால் எங்கும் தட்டக் கூடாது. உட்புறத் துகள்களை அப்படியே விட்டால் அவை பிளாக்கின் நுண்வாய்க்கால்களில் போய் அடைத்துக்கொள்ளும் என்பதால், ஈரத் துணியை நூலில் கட்டி உள்ளே இழுத்துத் துடைத்தேன். ஓ-ரிங்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் தடவி, குழாயை நேராகத் தள்ளாமல் மெல்லத் திருகியபடி செருகினால், முதல் ரிங், இரண்டாவது ரிங் என்று இரண்டு இடங்களில் பிடிப்பது விரலில் தெரியும். பத்து முனைகளையும் மீண்டும் இப்படித் தேய்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆயிற்று.

விசிறிகளும் வெப்பப் பசையும் ரிச்சி தெருவிலேயே வாங்கினேன். ஃபிட்டிங், குழாய், பிளாக் ஆகியவற்றை வெளியூர்க் கடைகளிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. ஒரு கடை அனுப்பிய ஃபிட்டிங் பொதியில் மாற்று ஓ-ரிங்குகள் இல்லை. கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதிலும் இல்லை. பாரிமுனையில் ஹைட்ராலிக் சீல் விற்கும் கடையில், வெர்னியரால் அளந்து காட்டியதும் பெரியவர் ஒருவர் அதே அளவு ரிங்குகளை எடுத்துக் கொடுத்தார். ரிங் இ.பி.டி.எம். ரப்பராக இருந்தால் வாஸ்லின் தடவக் கூடாது, உப்பிவிடும். சிலிகோன் கிரீஸ்தான் ஏற்றது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் ரேடியேட்டர்களில் பல அலுமினியத்தால் ஆனவை. செம்பு பிளாக்குகளோடு அவற்றைச் சேர்த்தால் அரிப்பு நிச்சயம். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு விற்கும் தண்ணீரை நான் தவிர்த்துவிட்டு, ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடையில் காய்ச்சி வடித்த நீர் வாங்கி, அரிப்புத் தடுப்பானைக் கலந்தேன்.

அடுத்ததாகத் தண்ணீரின் வெப்பத்தை அளக்கும் சென்சார் ஒன்றைச் சுற்றில் சேர்த்து, விசிறிகளின் வேகத்தை அதற்கேற்ப அமைக்கப் போகிறேன்; பிராசசரின் வெப்பத்தைப் பார்த்து விசிறி ஓடினால் நொடிக்கொரு முறை ஏறி இறங்கி எரிச்சலூட்டுகிறது. கீழே ஒரு வடிகால் வால்வும் வைக்க வேண்டும்.

இப்போது சுற்றில் தண்ணீர் ஊற்றி, கணினியைப் போடாமல், பவர் சப்ளையின் 24 பின் இணைப்பியில் பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் இணைத்து, பம்புக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு மூட்டுக்கும் கீழே மடித்து வைத்த டிஷ்யூத்தாள் பதினெட்டு மணி நேரமாக உலர்ந்தே இருக்கிறது. பெட்டியை இடப்பக்கம் சாய்த்தால் மேல் ரேடியேட்டரிலிருந்து இன்னும் கொத்தாகக் குமிழிகள் வருகின்றன. தொட்டியில் நீர்மட்டம் இரண்டு விரற்கடை இறங்கியிருக்கிறது. ஊற்றிவிட்டு, மீண்டும் ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும்.