கெத்செமனேயில் இரண்டு சித்தங்கள்

எபிரெயர் 4:15 இயேசுவை "எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும், பாவமில்லாதவர்" என்கிறது. யாக்கோபு 1:14-ஓ, அவனவன் தன் சுய இச்சையினால் இழுக்கப்பட்டே சோதிக்கப்படுகிறான் என்கிறது. இரண்டையும் சேர்த்து வாசித்தால் கேள்வி எழத்தான் செய்யும்: உள்ளே இழுக்கும் இச்சையே இல்லாதவருக்குச் சோதனை எப்படிச் சோதனையாகும்?

"அவர் தேவன், அதனால் ஜெயித்தார்" என்று பிரசங்கங்களில் சொல்லிக் கடந்துவிடுவார்கள். கேட்கப் பக்தியாகத்தான் இருக்கிறது. ஆனால் 4-ம் நூற்றாண்டில் லவோதிக்கேயா ஆயர் அப்பொலினாரியு சொன்னதற்கு இது வெகு அருகில் போய்விடுகிறது. கிறிஸ்துவின் உடல் மனித உடல், ஆனால் மனம் இருக்கவேண்டிய இடத்தில் தேவ வார்த்தையே, அதாவது தேவகுமாரனே, இருந்தது என்பது அவர் போதனை. 381-ல் ஆயர்கள் கூடிய கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் அதைத் தள்ளியது. மனிதனில் எதைக் கிறிஸ்து ஏற்கவில்லையோ அது குணமாகவில்லை என்பது அதே காலத்து இறையியலாளர் நசியான்சு கிரகோரியின் வாதம். நாம் பாவம் செய்வதே மனத்தால்தான். அதை விட்டுவிட்டு உடலை மட்டும் எடுத்து என்ன பயன்?

அதே கருத்து 7-ம் நூற்றாண்டில் அரசியல் உடுப்பில் திரும்பி வந்தது. கிறிஸ்துவுக்குத் தெய்வ இயல்பு, மனித இயல்பு என்று இரண்டு உண்டு என்ற கால்சிதோன் சங்கத்தை ஏற்காத சபைகளைப் பேரரசோடு இணைக்க, கிறிஸ்துவுக்கு ஒரே சித்தம் (விருப்பம்) என்று 638-ல் பேரரசர் ஹெராக்ளியஸ் ஆணையிட்டார். துறவி மாக்சிமஸ் அதை மறுக்கக் கையில் எடுத்தது, சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசு செய்த ஜெபம்: "என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது."

இங்கே "என் சித்தம்" யாருடையது? குமாரனின் தெய்வ சித்தம் என்றால், பிதாவுக்கும் குமாரனுக்கும் இரண்டு சித்தம் என்றாகி திரித்துவமே உடைகிறது. சும்மா நமக்கு முன்மாதிரி காட்டச் சொன்னார் என்றால், இரத்தம்போல் விழுந்த வேர்வை நாடகமாகிவிடும். மீதியிருப்பது ஒன்றுதான்: சாவைக் கண்டு உண்மையாகவே பின்வாங்கிய மனித சித்தம். உயிர் பிழைக்க விரும்புவது சிருஷ்டிப்பின் இயல்பு, அதில் பாவம் இல்லை. பலரும் கவனிக்காதது அடுத்த பாதி. "உம்முடைய சித்தத்தின்படியே" என்று கீழ்ப்படிந்ததும் அதே மனித சித்தம்தான் என்கிறார் மாக்சிமஸ். தெய்வம் மனிதனை அமுக்கிவிடவில்லை.

இதற்காக அவருடைய நாக்கையும் வலது கையையும் வெட்டினார்கள். 662-ல் நாடுகடத்தப்பட்ட இடத்திலேயே இறந்தார். 680-681-ல் கூடிய சங்கம் இரண்டு சித்தங்கள் என்றே முடிவுசெய்தது. ஒரே சித்தம் என்று எழுதியிருந்த, அப்போது உயிரோடில்லாத போப் ஹொனோரியஸையும் சேர்த்துக் கண்டித்தது.

ஆகவே சோதனை வெளியிலிருந்து வந்தாலும் அது பிடித்துத் தொங்கும் இடம் உள்ளே நிஜமாகவே இருந்தது. நாற்பது நாள் பட்டினிக்குப்பின் அப்பத்தின் மேல் பசி நிஜம். சிலுவை வேண்டாம் என்று சொன்ன பேதுருவிடம் "நீ எனக்கு இடறலாயிருக்கிறாய்" என்றார். ஈர்க்காத ஒன்று இடறலாக முடியாது. யாக்கோபு பேசும் இச்சையோ வேறு வகை: ஏற்கெனவே தேவனுக்கு எதிராகச் சாய்ந்து, கர்ப்பந்தரித்துப் பாவத்தைப் பிறப்பிப்பது.

எதிர்ப்பக்கம் போனவர் ஸ்காட்லாந்து போதகர் எட்வர்ட் இர்விங். கிறிஸ்து எடுத்தது ஆதாமின் பாவத்தால் விழுந்துபோன மாம்சமே, பரிசுத்த ஆவியின் வல்லமையால் அவர் பாவமே செய்யவில்லை என்று போதித்தார். 1833-ல் அன்னன் ஊரில் அவரைப் போதகப் பணியிலிருந்து நீக்கினார்கள். பசி, களைப்பு, சாவு எல்லாம் விழுந்த உலகின் பாரம் என்ற அளவில் அவர் சொன்னது சரியே. தேவன் தம் குமாரனைப் பாவமாம்சத்தின் சாயலாக அனுப்பினார் என்னும் ரோமர் 8:3-க்கும் அது பொருந்தும். ஆனால் பாவச் சாய்வையும் அந்த மாம்சத்தோடு சேர்த்துவிட்டால், கிறிஸ்துவுக்கே ஒரு மீட்பர் தேவைப்படும்.

வாலிபர் கூட்டங்களில் கேட்கத் தயங்கும் கேள்வி, பெண்களைப் பற்றிய ஈர்ப்பு அவருக்கு இருந்ததா என்பது. சுவிசேஷங்கள் அதைச் சொல்லவில்லை. மத்தேயு 5:28-ல் அவர் குற்றமாக்குவது இச்சையோடு பார்ப்பதை. ஆணாகப் பிறந்த உடலின் இயல்பை அல்ல. அந்த இயல்பு அவருக்கு இருந்தது என்பதால் பாவமின்மைக்கு ஒரு குறைவும் வராது.