லிஃப்டுக்குள் ஒரு நிமிடம்

அமெரிக்க எழுத்தாளர் ஜேசன் ரெனால்ட்ஸ் 2017இல் எழுதிய ‘லாங் வே டவுன்’ நாவலை நேற்று ராத்திரி ஒரே மூச்சில் படித்து முடித்தேன், இன்னும் மனசு ஆறவில்லை. வில் என்ற பையனின் அண்ணன் ஷானை யாரோ சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். பதினைந்து வயது வில், அண்ணனின் துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு பழிவாங்கக் கிளம்பி லிஃப்டில் ஏறுகிறான். அழக்கூடாது, காட்டிக்கொடுக்கக்கூடாது, பழிவாங்க வேண்டும். அவன் தெருவில் வழிவழியாக வரும் விதிகள் இவைதான். அப்புறம் ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் நிற்கிறது, துப்பாக்கிக்குப் பலியான ஒருவர் உள்ளே வருகிறார். கதை நடக்கும் நேரம் பெரும்பாலும் அந்த ஒரு நிமிடச் சொச்சம்தான்!

புதுக்கவிதையில் முழு நாவலா என்று தயங்கித்தான் எடுத்தேன். ஆனால் அழவே கூடாதென்று வளர்க்கப்பட்ட பையன் நீளமாகப் பேசமாட்டான், வரி பாதியில் உடைகிறது, மீதிப் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது, அந்த வெறுமையில்தான் அவனுடைய அழுகை இருக்கிறது என்று எனக்குப் பட்டது. எழுத்துகளை மாற்றிப்போட்டு விளையாடும் சில கவிதைகள் மட்டும் ஒட்டவில்லை. சின்ன வயதில் விளையாட்டுத் திடலில் குண்டடிபட்டு இறந்த தோழி டேனி, குறி தப்பினால் என்ன செய்வாய் என்று கேட்கிறாளே, அங்கே புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். முடிவைச் சொல்லமாட்டேன். வீட்டில் பதின்ம வயதுப் பிள்ளைகள் இருந்தால் அவர்களோடு சேர்ந்து படியுங்கள்.