இளம் எல்ம் மரத்தில் கரும்புள்ளியும் இலை உதிர்வும்: இதுவரை செய்து பார்த்தவை

தொட்டியில் குட்டையாக, போன்சாயாக நான் வளர்க்கும் சைனீஸ் எல்ம் மரம் இன்னும் இளசு. தண்டு சுண்டுவிரல் தடிமன்தான். வாங்கி வந்து வைத்த கொஞ்ச நாளிலேயே இலைகளில் புள்ளி விழுந்தது, அப்புறம் இலைகள் உதிரத் தொடங்கின. இடம் மாறினால் எல்ம் கொஞ்சம் இலை கொட்டும் என்பது வளர்ப்பவர்களுக்குத் தெரியும். உள்பக்கத்துப் பழைய இலைகள் மஞ்சளாகி விழும், நுனித் தளிர் பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். இந்த மரத்தில் நுனியும் நின்றுவிட்டது. தளிர் வரும் இடங்களில் மொட்டு அப்படியே இறுகிக் கிடந்தது. அதனால்தான் தானாகச் சரியாகட்டும் என்று விட மனசு வரவில்லை.

புள்ளி விழுந்த இலை ஒன்றைப் பறித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எல்ம் இலையின் அடிப்பாகம் ஒரு பக்கம் இறங்கி, மறுபக்கம் ஏறி, கோணலாக இருக்கும். அந்தக் கோணலுக்குப் பக்கத்திலேயே நடு நரம்பை ஒட்டிக் குண்டூசித் தலை அளவில் கரும்புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி மஞ்சள் வளையம். விரலால் தடவினால் புள்ளி லேசாக மேடு தட்டியது, தேய்த்தாலும் போகவில்லை. ஓரத்தில் மட்டும் கருகியிருந்தால் உப்பு சேர்ந்துவிட்டதோ, தண்ணீர் போதவில்லையோ என்று யோசித்திருப்பேன். மணல் தூவியதுபோல இலை முழுக்க வெளிறியிருந்தால் சிலந்திப் பேன், அதாவது இலைச் சாற்றை உறிஞ்சும் பொடிப் பூச்சி. அதையும் சோதித்துவிட்டேன்: கிளைக்கு அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டினேன், நகரும் பொடி எதுவும் விழவில்லை. ஆக, பூஞ்சைதான்.

எல்மில் நோய் என்றதும் பலருக்கும் முதலில் பயம் வருவது டச்சு எல்ம் நோயை நினைத்து. நெதர்லாந்தில் பியா ஷ்வார்ஸ் என்ற தாவர நோய் ஆய்வாளர் 1922-இல் அதற்குக் காரணம் ஒரு பூஞ்சை என்று கண்டு சொன்னார். பட்டை வண்டுகள் வழியாகப் பரவும் நோய் அது. அதில் கிளையே திடீரென்று வாடித் தொங்கும், பட்டையைச் சீவினால் உள்ளே பழுப்புக் கோடுகள் ஓடும். சைனீஸ் எல்முக்கு அதைத் தாங்கும் சக்தி நன்றாகவே உண்டு. என் மரத்தில் வாட்டமும் இல்லை, கோடும் இல்லை. நிம்மதியாக அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

முதல் வேலையாகப் புள்ளி இருந்த இலைகளை எல்லாம் கிள்ளி எடுத்து, மண்மேல் கிடந்தவற்றையும் பொறுக்கிக் குப்பையில் போட்டேன். விழுந்த இலையில்தான் இந்தப் பூஞ்சை காத்திருக்கும். தண்ணீர் தெறிக்கும்போது வித்துகள் மேலே ஏறும். அதனால் இலைமேல் தண்ணீர் தெளிப்பதை நிறுத்தி, மண்ணுக்கு மட்டும் ஊற்றினேன். காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற தாமிரப் பூஞ்சை மருந்தை அட்டையில் போட்டிருந்த அளவில் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் இரண்டு பக்கமும் நனையத் தெளித்தேன். தாமிர மருந்து புதுப் புள்ளி வராமல் காக்கும், ஏற்கெனவே விழுந்த புள்ளியை ஆற்றாது. அதனால் பழைய இலையைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டக்கூடாது.

புதுப் புள்ளிகள் குறைந்தன. ஆனால் இலை உதிர்வது நிற்கவில்லை. இப்போது புள்ளியே இல்லாத இலைகளும் மஞ்சளாகி, லேசாகத் தொட்டாலே காம்போடு கையில் வந்தன. தண்ணீர் இல்லாமல் காயும் இலை மொடமொடவென்று கிளையிலேயே ஒட்டியிருக்கும். இப்படி மெத்தென்று மஞ்சளாகி விழுந்துகொண்டே இருப்பது பெரும்பாலும் வேரில் ஈரம் தேங்கும்போது. எனக்கு இந்த இடம்தான் முக்கியமாகப் படுகிறது. புள்ளி கண்ணில் படுவதால் கவனம் எல்லாம் அதன்மேல் போய்விடுகிறது. எந்த இலை, எப்படி விழுகிறது என்று பார்த்தால்தான் தொட்டிக்குள் நடப்பது தெரிகிறது.

மூங்கில் குச்சி ஒன்றைத் தண்டுக்குப் பக்கத்தில் அடிவரை செருகி, கொஞ்ச நேரம் கழித்து உருவினேன். மேல் மண் உலர்ந்திருந்தது. குச்சியின் கீழ்ப்பாதி கறுத்து, சேறு ஒட்டிக்கொண்டு வந்தது. அடுத்து, தண்ணீர் ஊற்றிச் சொட்டுவது நின்றதும் தொட்டியை ஒரு பக்கமாகச் சாய்த்தேன். இன்னும் கொஞ்சம் தண்ணீர் வழிந்தது. நனைந்த பஞ்சைப் படுக்கையாக வைத்துவிட்டு நிமிர்த்தினால் மறுபடியும் சொட்டுமே, அதே விஷயம்தான். எந்த மண்ணானாலும் அடியில் ஒரு உயரம் வரை தண்ணீர் வடியாமல் நிற்கும். மண் பொடியாக இருந்தால் அந்த உயரம் கூடும். தொட்டி ஆழமில்லாதது என்றால் வேரில் பெரும்பங்கு அந்த ஈரத்திலேயே கிடக்கும்.

மரத்தை வெளியே எடுத்ததும் காரணம் தெரிந்தது. வெளியே நல்ல பொலபொல மண், நடுவில் முஷ்டி அளவுக்கு இறுகிய களிமண் உருண்டை. நாற்றாக இருந்த காலத்து மண்ணாக இருக்கும். உருண்டையின் அடியில் இருந்த வேர்கள் கறுத்து, இழுத்தால் தோல் மட்டும் உருவிக்கொண்டு வந்தது, கூடவே ஒரு புளித்த வாடை. பக்கவாட்டில் இருந்தவை வெளிர் நிறத்தில் உறுதியாக இருந்தன. அதுதான் நம்பிக்கை கொடுத்தது.

எல்மின் வேரை முழுவதுமாகக் கழுவி, வெட்டி, மண் மாற்ற நல்ல நேரம், மொட்டு உப்பி இலை விரிவதற்கு முன். இது அந்த நேரம் இல்லை. அதனால் அழுகிய வேரை மட்டும் வெட்டினேன், நல்ல வேரைத் தொடவில்லை. உருண்டையை உடைக்காமல், குச்சியால் குத்திக் குத்தித் துளைகள் போட்டு, அடியில் தானாக உதிர்ந்த களிமண்ணை மட்டும் எடுத்துவிட்டேன். தண்ணீர் நன்றாக வடிய உதவும் பியூமிஸ், பெர்லைட் என்ற லேசான துளைக் கற்களைச் சலித்து, 3 முதல் 5 மில்லிமீட்டர் வரையான துண்டுகளை மட்டும் எடுத்து, கொஞ்சம் மக்கிய மரப்பட்டை சேர்த்து, முன்னதைவிட ஆழமான பிளாஸ்டிக் தொட்டியில் வைத்தேன். அழகாக இல்லைதான்; மரம் தேறும்வரை அழகு வேண்டாம். உரம் போடவில்லை. வேர் கெட்டிருக்கும்போது உரம் இன்னொரு சுமை. கிளையையும் வெட்டவில்லை, மிச்சமிருக்கும் ஒவ்வொரு இலையும் வேருக்குச் சோறு போடுகிறது. காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்து, குச்சி கிட்டத்தட்ட உலர்ந்து வந்தால் மட்டுமே தண்ணீர்.

உதிர்வது உடனே நிற்கவில்லை. விழ வேண்டியவை விழுந்து, மரம் பாதி மொட்டையானது. இடையிடையே குச்சிக் கிளைகளை நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் உள்ளே பச்சை. மெல்லிய சில நுனிகள் மட்டும் பழுப்பாகிச் செத்துவிட்டன. அப்புறம் இலை விழுந்த கணுக்களிலிருந்து செந்நிறம் கலந்த சின்ன மொட்டுகள் கிளம்பின. தண்டில், நான் எதிர்பார்க்காத இடத்தில்கூட ஒன்று. எல்ம் இப்படித்தான், வேர் மூச்சு விட்டால் போதும், எங்கிருந்தாவது தளிர் தள்ளும். அதைப் பார்த்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

புது இலைகள் முதலில் வெளிறி, சின்னதாக வந்தன. இப்போது கரும்பச்சையாகித் தடித்துவிட்டன. விடாமல் மழை பெய்த பிறகு கீழ்க்கிளையில் ஒரு இலையில் மட்டும் மறுபடி புள்ளி. கிள்ளிப் போட்டுவிட்டு மரத்தை மழை படாத, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றினேன். அதன் பிறகு வரவில்லை. மருந்தும் மறுபடி அடிக்கவில்லை.

களிமண் உருண்டை பாதி இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அடுத்த முறை மொட்டு உப்பும்போது ஒரு பக்கத்தை மட்டும் கழுவி எடுக்கப்போகிறேன், அதற்கடுத்த முறை மறுபக்கம். நீர்த்த உரம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன். கிளைகளில் கம்பி கட்டி வடிவம் கொடுப்பது உருண்டையின் இரண்டு பக்கமும் கழுவி முடிந்த பிறகுதான்.